சுவர் நின்றால் போதுமா?

பழம்பெருமை பேசுவதே தமிழனுக்குத் தொழில் என்று பிறர் நம்மை எள்ளி நகையாடுவதுண்டு. கல்லணையைக் காட்டுகிறோம், தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டுகிறோம், பூம்புகாரைக் கடல் கொண்ட கதையைக் கண்கலங்கச் சொல்லுகிறோம். தவறொன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெருமைகளில் ஒரு வசதி இருக்கிறது. அவற்றைக் காப்பதற்கு நாம் ஒரு துரும்பையும் எடுத்துப் போட வேண்டியதில்லை. தொல்பொருள் துறை பார்த்துக்கொள்ளும். நாம் மேடையேறிப் பேசினால் போதும்.

நான் எழுத வந்தது அப்படிப்பட்ட பெருமையைப் பற்றியன்று. காலையில் கதவு திறந்து, காசு கொடுத்தவனுக்கெல்லாம் இட்டிலி கொடுத்து, இரவில் கழுவி மெழுகி மூடப்படுகிற பெருமை இது. மாட்டுங்காவின் பழைய ஓட்டல்களைச் சொல்லுகிறேன். "ஓட்டலுமா மரபுச் செல்வம்? நாளைக்கு வெற்றிலைபாக்குக் கடைக்கும் விழா எடுப்பீரோ?" என்று கேட்கும் நண்பர்கள் நம் மன்றத்திலேயே உண்டு. எடுத்தால்தான் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரை.

மாட்டுங்கா தானாக முளைத்த ஊரன்று. 1896இல் பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிற்று. நெரிசல்தான் நோயை வளர்க்கிறது என்று கண்ட அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றை அமைத்தது. வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து நிலங்களை அந்த டிரஸ்டு வாங்கி, மனை பிரித்து, அகன்ற சாலை போட்டு, நடுவே வட்டமாகத் தோட்டமும் வைத்தது. அதுதான் கிங்ஸ் சர்க்கிள். இன்றைய பெயர் மகேஸ்வரி உத்யான். 1920களிலும் 30களிலும் அங்கே அடுக்கு வீடுகள் எழுந்தன. வளைந்த மூலை, வரிவரியாய் ஓடும் பலகணி, கீழே கடை, மேலே குடித்தனம். அன்றைய உலகத்துப் புதுப்பாணியான ஆர்ட் டெகோ நம் மாட்டுங்காவுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வீடுகளுக்கு வந்தவர்களில் தெற்கத்தியர் கணிசமானோர். ஆங்கிலமும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. நாலுபேர் படுக்கிற அறையில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. அடுப்புத்தான் கிடைக்கவில்லை. கல்யாணமாகாத பையன், மொழி தெரியாத ஊர், வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்ப வேண்டிய கட்டாயம்! அவன் என்ன சாப்பிட்டான்? யார் போட்டார்கள்? நம் குடியேற்ற வரலாற்றை எழுத வருபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே என்பது என் கருத்து. சங்கம் வைத்ததையும் பள்ளி திறந்ததையும் எழுதுகிறார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியதும், சண்முகானந்த சபையின் பெரிய அரங்கம் 1963இல் எழுந்ததும் நமக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு எவனும் சங்கம் வைக்கவில்லை!

அந்த வயிற்றைக் கவனித்தவர்கள் யார்? 1936இல் கபே மைசூர் வந்தது. 1939இல் ராம் ஆஸ்ரயா, 1940இல் கபே மெட்ராஸ். 1942இல் அ. ராமா நாயக் என்பார் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கினார். மாட்டுங்கா ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் சந்தைக் கட்டடத்தின் மாடியில் இன்றும் அது இருக்கிறது. இன்றும் அங்கே வாழையிலையில் சோறு உண்டு. இவை எல்லாமே குடும்பங்கள் நடத்துகிற இடங்கள். தாத்தா உட்கார்ந்த கல்லாவில் பேரன் உட்கார்ந்திருக்கிறான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். "மெட்ராஸ்" என்று பலகை மாட்டியவர்களின் தாய்மொழி தமிழன்று. இந்த ஓட்டல்காரர்கள் தென்கன்னடக் கரையிலிருந்து வந்தவர்கள். வீட்டில் கொங்கணியோ துளுவோ பேசுகிறவர்கள். அப்படியானால் மெட்ராஸ் என்ற பெயர் பொய்யா? அதுதான் இல்லை! மங்களூரும் உடுப்பியும் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பரில் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதுதான் தென்கன்னடம் மைசூரோடு போயிற்று. ஆகவே 1940இல் "மெட்ராஸ்" என்று எழுதியவர் தம் மாகாணத்தின் பெயரைத்தான் எழுதினார். கோடு மாறிவிட்டது; பலகை மாறவில்லை. இன்றைக்கு எல்லைக்கும் ஆற்றுநீருக்கும் மல்லுக்கு நிற்கிற நாம், அந்தப் பலகையின் அடியில் நின்று சற்றே சிரித்துவிட்டு உள்ளே போகலாம்.

போர்டிங் என்ற சொல்லையும் கவனியுங்கள். அது வந்துபோகிறவனுக்கான சிற்றுண்டிச்சாலை அன்று. மாதக் கணக்கு வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் சாப்பிடுகிறவனுக்கானது. அது தொடங்கிய 1942, போர்க்காலம். அடுத்த ஆண்டு மே மாதம் பம்பாயில் உணவுப் பங்கீடு வந்துவிட்டது. அரிசியே கதியென்று பிறந்தவர்களுக்கு அரிசி அளந்து கொடுக்கப்பட்ட காலம். அக்காலத்தில் ஒருவன் தன் வயிற்றை ஒரு சமையற்கட்டினிடம் மாதக் கணக்காக ஒப்படைத்தான் என்றால், அது வாடிக்கை மட்டுமன்று, நம்பிக்கை.

இவ்வளவும் பழங்கதை. இன்றைக்கு வருவோம்.

நான் கல்யாண்வாசி. நம் மன்றத்தில் பாதிப்பேர் கல்யாண், டோம்பிவிலி, முலுண்டு, செம்பூர் என்று சொல்லுகிறவர்கள்தாம். ஏன்? நம் பெரியவர்களுக்குக் குடும்பம் பெருகிற்று. மாட்டுங்காவில் வாடகைக்கு இடமில்லை, விலைக்கு வாங்கப் பணமில்லை. ரயில் தண்டவாளம் போன வழியே அவர்களும் போனார்கள். ஆயினும் ஆடி வெள்ளிக்கு வாழையிலை வேண்டும், நல்ல காப்பித்தூள் வேண்டும் என்றால், ஸ்லோ லோக்கல் ஏறி மாட்டுங்காவில் இறங்கி, பையை நிரப்பிக்கொண்டு, ஒரு மசால்தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதே எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் தெருவிலேயே இப்போது மூன்று தோசைக்கடைகள். தோசை மோசமில்லை. ஆனால் அவற்றில் எதையும் யாரும் "நம்ம ஓட்டல்" என்று சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியானால் மாட்டுங்கா ஓட்டல்களை இன்று வாழவைப்பவர் யார்? ஞாயிற்றுக்கிழமை காலை கபே மெட்ராஸ் வாசலில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். குஜராத்தி கேட்கும், கச்சி கேட்கும், மராத்தி கேட்கும். தமிழ் கேட்க நீங்கள் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். நாம் ஊரை விட்டு விலகிய பின் அந்த அடுப்பை அணையாமல் காத்தவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள். பெருமை நமக்கு, பில் அவர்களுக்கு!

1966இல் சிவசேனை தோன்றிய பிறகு சில ஆண்டுகள் தெற்கத்தியர் ஓட்டல்கள்மீது கல் விழுந்தது. வேட்டி கட்டியவனைக் கேலி செய்த கோஷங்கள் தெருவில் கேட்டன. அதே நகரம் இன்று நம் இட்டிலியைத் தன் காலையுணவாக்கிக் கொண்டிருக்கிறது. எந்தச் சொற்பொழிவும் செய்யாத சமரசத்தை அந்த மேசைகள் செய்தன. ஏனென்றால் அங்கே இடம் குறைவு. முன்பின் அறியாத நாலுபேரை ஒரே மேசையில் உட்காரவைப்பார்கள்; எதிரே இருப்பவரின் சாம்பார்க் கிண்ணம் உங்கள் முழங்கையைத் தொடும். 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை நினைத்துக்கொண்டு பார்த்தால், யார் எவர் என்று கேளாமல் தோள்தட்ட உட்காரவைக்கும் மேசை சாதாரணப் பொருளாகத் தோன்றாது.

இனி, எனக்குக் கவலை தருகிற செய்தி. இந்த ஓட்டல்கள் பெரும்பாலும் பழைய கட்டடங்களில் இருக்கின்றன. பழைய கட்டடங்களில் பழைய வாடகை. 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே அளவாக வைத்து நிறுத்திற்று. கபே மெட்ராஸ் பிறந்த ஆண்டு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்! 1999இல் வந்த புதுச் சட்டம் வங்கிகளுக்கும், ஒரு கோடிக்குமேல் மூலதனமுள்ள கம்பெனிகளுக்கும் அந்தப் பாதுகாப்பை விலக்கியது. சிறு கடைக்காரருக்கு விலக்கவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு மட்டும் ஏற்றலாம் என்றது. முன்பணம் கொடுத்து, கிட்டத்தட்ட உரிமையோடு குடியிருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இந்நகரில் பகடி என்று பெயர். கட்டடச் சொந்தக்காரருக்கு அது தமிழ்ப் பொருளிலும் பகடிதான்! வருகிற வாடகையில் சுண்ணாம்பு அடிக்கவும் முடியாது. ஆகவே அவர் அடிப்பதில்லை. கட்டடம் உளுக்கிறது. பிறகு ஒருநாள் மறுகட்டுமானக்காரர் வரைபடத்தோடு வருகிறார்.

மலிவான தோசைக்குப் பின்னால் ஒரு மலிவான வாடகை இருக்கிறது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் வயிற்றில் அடித்து நாம் மரபைக் காக்கிறோம் என்று யாரேனும் சொன்னால், அதில் பாதி உண்மை. ஆகவே "எதையும் இடிக்காதே" என்று நான் கூச்சலிடப் போவதில்லை. மழைக்காலத்தில் பம்பாய்க் கட்டடங்கள் தலைமேல் விழுந்து மனிதர் சாவதை ஆண்டுதோறும் படிக்கிறோம். ஓட்டை மாடியின்கீழ் நூறுபேரை உட்காரவைப்பது மரபுக் காப்பன்று.

மறுகட்டுமான விதிகளின்படி பழைய கடைக்காரருக்குப் புதுக் கட்டடத்திலும் அதே அளவு இடம் உண்டு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இடையே போகும் மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள்? குடித்தனக்காரர் வேறு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பலாம். ஓட்டல் அப்படித் திரும்புமா? மாவரைப்பவரும் கல்லில் தோசை வார்ப்பவரும் ஐந்தாண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்களா? சமையல் முறையை ஏட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்கிறார்கள் சிலர். கல் சூடேறியிருப்பதை நீர் தெளித்து ஓசையால் அறிகிற கையை எந்த ஏட்டில் எழுதுவது? நாட்கணக்கில் வந்த வாடிக்கையாளன் வேறிடம் பழகிவிடுவான். பேரனுக்குத்தான் படிப்பு இருக்கிறதே, நட்டத்தில் ஏன் மறுபடி அடுப்பு மூட்டவேண்டும் என்று அவனும் நினைப்பான். புது இடத்தைக் கைப்பேசிக் கடைக்கு வாடகைக்கு விட்டால் உட்கார்ந்த இடத்தில் பணம். அவனை நாம் குறைசொல்ல முடியுமா?

சுவர் நின்றால் ஓட்டல் நிற்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1995இல் இந்நகருக்கென்று மரபுக் கட்டட விதிகள் வந்தன. கட்டடங்களுக்கு முதல்தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பட்டியல் போட்டார்கள். 2018இல் ஓவல் மைதானத்தையும் மெரின் டிரைவையும் சுற்றியுள்ள விக்டோரிய, ஆர்ட் டெகோ கட்டடங்களை யுனெஸ்கோவே உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மெத்த மகிழ்ச்சி! ஆனால் இந்தப் பட்டியல்கள் எல்லாம் கல்லையும் காரையையும் பார்க்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. காலாகோடாவில் ஜகாங்கீர் கலைக்கூடத்தின் ஒரு தாழ்வாரத்தில் 1964 முதல் ஒரு குடும்பம் நடத்திவந்த சமோவார் என்ற சிற்றுண்டிச்சாலை, ஓவியர்களும் எழுத்தாளர்களும் காசில்லாத மாணவர்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்த இடம். 2015 மார்ச்சில் அது மூடப்பட்டது. கலைக்கூடம் அப்படியே நிற்கிறது. ஒரு செங்கல்லும் குறையவில்லை!

சென்னையிலும் இதே கதை. 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய உடுப்பிக்காரர் கிருஷ்ணராவ், 1962இல் கதீட்ரல் சாலையில் அரசுக் குத்தகை நிலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் தொடங்கினார். காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். மரத்தடியில் ஒரு காப்பியோடு ஒரு நாளைக் கழிக்கலாம். 2008இல் நிலம் அரசுக்குத் திரும்பிற்று. 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. மரங்கள்கூட இருக்கின்றன. செம்மொழியின் பெயரால் பூங்கா அமைத்தவர்களுக்கு, அந்த மரத்தடியில் நாற்பதாண்டுக்கு மேலாகப் பேசப்பட்ட தமிழும் ஒரு செல்வமே என்று தோன்றாமற் போயிற்று.

மற்ற நாடுகள் இதைச் சிந்தித்திருக்கின்றன. புவனோஸ் அயர்ஸ் நகரம் தன் பழைய காப்பிக்கடைகளைக் காக்க 1998இல் ஒரு சட்டம் இயற்றி, அவற்றுக்குச் சிறப்புப் பெயரும் ஆதரவும் கொடுத்தது. சான்பிரான்சிஸ்கோ 2015இல் முப்பதாண்டு கடந்த கடைகளுக்கென்று ஒரு பதிவேடு திறந்தது. கடைக்காரருக்கும் உதவித்தொகை, நீண்ட குத்தகை கொடுக்கிற கட்டடச் சொந்தக்காரருக்கும் உதவித்தொகை! எனக்கு அந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. சொந்தக்காரரைப் பகைவராக்காமல் காரியம் நடக்கிறது. கட்டடத்தின் நெற்றியைப் பார்ப்பதை விட்டு, உள்ளே எரிகிற அடுப்பைப் பார்க்கிறார்கள் அவர்கள். நம் மாநகராட்சிக்கு அப்படி ஒரு பதிவேடு வைப்பது முடியாத காரியமா? மறுகட்டுமானத்துக்கு அனுமதி கேட்டு வரும்போது, பதிவேட்டில் உள்ள ஓட்டலுக்கு வேலை முடியும்வரை அதே வட்டாரத்தில் அடுப்பு மூட்ட இடம் காட்டினாலொழியக் கையெழுத்து இல்லை என்று ஒரு விதி எழுதினால் போதும். பணமாகக் கொடுத்துக் கணக்கு முடிக்கக் கூடாது. பணம் செலவாகிவிடும், கல் ஆறிவிடும்.

மறுப்பு ஒன்று வரும், எனக்குத் தெரியும். "கபே மைசூருக்கென்ன குறை? மாட்டுங்கா இரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த நாளில் அங்கே சாப்பிட்டவர் முகேஷ் அம்பானி. 2024இல் மகன் திருமணத்தில் அந்தக் குடும்பத்து மூதாட்டியை மணமக்கள் வணங்கியதை நாடே பார்த்ததே!" என்பார்கள். பார்த்தோம், நன்றியறிதல் நல்ல குணம்தான். ஆனால் ஒரு செல்வர் மறக்காமல் இருப்பதை நம்பியா ஊரின் சொத்தை விட்டுவைப்பது?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை எழுப்ப வேண்டியவர்களே நாம்தான். மாட்டுங்கா ஓட்டலுக்கு இவ்வளவு கண்ணீர் விடுகிறவர்கள் தாராவிக்கு என்ன செய்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழர்கள் வேரூன்றிய இடம் அது. மும்பைத் தெருக்களில் சைக்கிளில் கொம்பூதி வருகிறாரே, அந்த இட்டிலிக்காரர், அவருடைய இட்டிலி எங்கே வேகிறது? விடியுமுன் தாராவிச் சந்துகளில், பத்தடி வீட்டில், ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து வேக வைக்கிறது. அதுவும் குடும்பம் நடத்துகிற உணவுத் தொழில்தானே! அதற்கு ஆர்ட் டெகோ பலகணி இல்லை; 1940 என்று எழுதிய பலகை இல்லை. அதனால் அது மரபாகாதா? தாராவி மறுகட்டுமானப் பணி 2022இல் அதானி குழுமத்தின் கைக்குப் போயிருக்கிறது. புது அடுக்கு வீட்டின் ஏழாவது மாடியில் நாலுமணிக்கு நூறு தட்டு இட்டிலி அவிக்க விடுவார்களா? குடியிருப்புக்கு இடம், தொழிலுக்கு இடம் என்று தனித்தனியே கோடு போடுகிற அதிகாரிக்கு, ஒரே அறையில் குடியும் தொழிலும் நடக்கிற வாழ்க்கை விளங்குவதில்லை. மாட்டுங்காவுக்கு எந்த விதியைக் கேட்கிறோமோ அந்த விதியைத் தாராவிக்கும் கேட்கவேண்டும். மாட்டுங்காவுக்கு மட்டும் கேட்டால் அது பலகணியின்மேல் உள்ள ஆசையே தவிர, அடுப்பின்மேல் உள்ள அக்கறையன்று.

ஓட்டல் முதலாளிகளின் வரலாறு மட்டும் எழுதினாலும் அரைகுறையே. மேசை துடைத்த பையன்களின் வரலாறு எங்கே? தென்கன்னடத்திலிருந்து அரைக்காற்சட்டையோடு வந்து, பகலெல்லாம் தட்டு கழுவி, இரவில் கன்னட இராப்பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்று முன்னேறியவர்கள் இந்நகரில் உண்டு; முன்னேறாமலே முதுகு வளைந்தவர்களும் உண்டு. இரண்டையும் எழுதவேண்டும். இனிப்பை மட்டும் எழுதினால் அது விளம்பரம்.

இதில் மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன? சட்டம் இயற்ற நம்மால் ஆகாது. ஆனால் பதிவேடு எழுத ஆகும். மாநகராட்சி வைக்கும்வரை நாமே ஒன்று வைப்போம். மாலை மூன்று மணிக்கு ஓட்டலில் கூட்டம் குறைந்திருக்கும். கல்லாவில் இருப்பவருக்குப் பேச நேரம் இருக்கும். எப்போது தொடங்கியது, யாருடைய கட்டடம், பழைய விலைப்பட்டியல் இருக்கிறதா, அரைக்கிறவர் எந்த ஊர், எத்தனை ஆண்டாக அரைக்கிறார் என்று கேட்டு எழுதலாம். கன்னடம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. தாராவியில் அதிகாலை நாலு மணிக்குப் போகவேண்டும். விடுதியிலிருக்கும் நண்பர்களுக்கு அது சற்றுக் கடினம்தான். சென்ற ஆண்டு நம் மன்றம் பொங்கல் விழாவுக்குச் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கு போதும், நோட்டுப் புத்தகத்துக்கும் ரயில் கட்டணத்துக்கும். வருகிற செயற்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். உடன்படுகிற நண்பர்கள் கூட்டத்துக்கு முன்பே என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். முதல் சனிக்கிழமை சந்தை மாடியிலிருந்து தொடங்கலாம். சாப்பாட்டுச் செலவு அவரவருடையது.